எங்கே எடுத்தது?

அந்த வெள்ளைக் கல்லை மூன்று மாதமாக ஏதோ அழிந்துபோன மிருகத்தின் பல் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். பெரியபட்டினம் பக்கம் கரையோரத்தில் கிடைத்தது. கட்டைவிரல் நகத்தின் அளவு. ஒரு பக்கம் பால்கோவாவைக் கிள்ளி வைத்த மாதிரி மேடும் பள்ளமும். திருப்பினால் வழவழப்பு. அந்த வழவழப்பின் நடுவில், வாலை மடக்கிக்கொண்ட தலைப்பிரட்டை ஒன்றை அச்சுக் குத்தியது போல ஒரு பள்ளம். லென்ஸ் வைத்துப் பார்க்கப் பார்க்க அழகு கூடிக்கொண்டே போனது. மாத்திரைக் கவரில் போட்டு, மேலே ‘பல்? கடல் பாலூட்டி?’ என்று எழுதிக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். கேள்விக்குறி போட்டதால் நான் ரொம்ப அடக்கமானவன் என்று எனக்கே ஒரு நினைப்பு.

ஒருநாள் மீன் விற்கும் ஆத்தா ஒருவர் என் மருந்துக்கடைக்குப் பிரஷர் மாத்திரை வாங்க வந்தார். கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டுச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தவர் கவரைப் பார்த்துவிட்டார்.

“கத்தாளைத் தலைக்கல்லை எதுக்கு அப்பு மருந்து மாதிரி பொட்டணம் போட்டு வச்சிருக்க?”

நான் ஃபாசில், பல், ஆயிரக்கணக்கான வருஷம் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் காதில் வாங்கவே இல்லை. “தலைக்கறி ஆக்குனா பல்லுல தட்டும்ல, துப்புவமே, அதுதான் இது.”

மறுநாள் ஒரு தாளில் சுற்றி இரண்டு கல் கொண்டுவந்து கொடுத்தார். கவுச்சி வாடை இன்னும் போகவில்லை. இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று. என் ‘பல்லை’ இரண்டுக்கும் நடுவில் வைத்துப் பார்த்தேன். அதே தலைப்பிரட்டை, அதே மடக்கிய வால்.

எலும்பு மீன்களின் உட்காதில் இப்படி மூன்று ஜோடிச் சுண்ணாம்புக் கற்கள் இருக்கும். அவற்றில் ஒரு ஜோடி மட்டும் பெரிதாக வளரும். கத்தாளை, பன்னா வகையறாவுக்கு அது மிகவும் பெரிது. அந்தத் தலைப்பிரட்டைப் பள்ளம்தான் அந்தக் குடும்பத்தின் கையெழுத்து. மரத்தில் வளையம் எண்ணுவது போல இந்தக் கல்லை மெல்லிசாகச் சீவி, வளையத்தை எண்ணி மீனின் வயதைச் சொல்வார்கள். மீன் செத்து எலும்பு சிதறிப்போனாலும் இந்தக் கல் தப்பிக் கிடக்கும் என்பதால், பழங்காலக் கடலில் என்ன மீன் இருந்தது என்று தேடுகிறவர்களுக்கு இது பெரிய துருப்பு. லட்சக்கணக்கான, கோடிக்கணக்கான ஆண்டுப் பழைய காதுக்கற்கள் உலகில் எத்தனையோ இடங்களில் படிவுகளிலிருந்து கிடைக்கின்றன.

ஆக, ஆத்தா சொன்னது ‘எந்த மீன்’ என்ற கேள்விக்கான பதில். ‘எந்தக் காலத்து மீன்’ என்பது இன்னும் அப்படியே நிற்கிறது. போன வாரம் யாரோ துப்பியதாக இருக்கலாம், கரை அரித்து உள்ளிருந்து வெளியே வந்ததாகவும் இருக்கலாம். மணலின் மேலே கிடந்ததா, களிமண் திட்டில் பதிந்திருந்ததா, அலை தொடும் கோட்டுக்கு எவ்வளவு மேலே, பக்கத்தில் வேறு என்ன கிடந்தது என்பதெல்லாம் தெரிந்தால் ஓரளவு சொல்லலாம். நான் கவரில் எழுதியிருந்தது ‘பெரியபட்டினம் பக்கம்’. அவ்வளவுதான்.

எனக்கு உச்சிப்புளியில் மருந்துக்கடை. வடக்கே வண்டியை விட்டால் பாக் விரிகுடா, தெற்கே விட்டால் மன்னார் வளைகுடா. ராமேசுவரத்துக்காரர்கள் அமைதியாகக் கிடப்பதைப் பெண்கடல் என்றும், ஆர்ப்பரிப்பதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையைச் சாத்திவிட்டு ஏதாவது ஒரு கடலுக்குப் போய்ப் பொறுக்குவது பல வருடப் பழக்கம். மனைவி வைத்த பெயர் ‘குப்பை வசூல்’. இது வெளியே தெரிந்த பிறகு மற்றவர்களும் கொண்டுவர ஆரம்பித்தார்கள். கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள், வலை இழுக்கிறவர்கள், கிணறு வெட்டுகிறவர்கள், பள்ளிக்கூடப் பையன்கள். கீழக்கரையிலிருந்து ஒரு லாத்தா சோப்பு டப்பா நிறையக் கொண்டுவந்து கொட்டினார். எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: “இது என்ன?”

கடைக்குத் தினமும் இதே கேள்வியோடு வேறு ஒரு கூட்டம் வரும். ஸ்ட்ரிப்பிலிருந்து கத்தரித்த ஒற்றை மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு வரும் பாட்டிகள். “இதே மாத்திரை குடு.” வெள்ளையாக, வட்டமாக, நடுவில் ஒரு கோடு. வெள்ளையாக, வட்டமாக, நடுவில் கோடு போட்ட மாத்திரை என் கடையில் எத்தனையோ உண்டு. சர்க்கரைக்கும் அதுதான், அலர்ஜிக்கும் அதுதான். அப்போது நான் மாத்திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பாட்டியைக் கேட்பேன். எந்த டாக்டர் எழுதியது, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, கூட வேறு என்ன மாத்திரை? ஸ்ட்ரிப்பின் ஓரத்தில் இருந்த பெயரும் பேட்ச் நம்பரும் தேதியும் வீட்டில் குப்பைக்குப் போயிருக்கும். மாத்திரை மட்டும் பத்திரமாக வந்திருக்கும்.

கரையில் பொறுக்கியதும் அப்படித்தான். ஓரத்தைக் கத்தரித்துவிட்டு மாத்திரையைக் கொண்டுவருகிறோம். இதைப் புரிந்துகொள்ள மருந்துக்கடைக்காரனான எனக்கே மூன்று மாதமும் ஒரு மீன்காரியும் தேவைப்பட்டது.

நம் கரையில் இந்த விஷயம் இன்னும் முக்கியம். அரியலூர்ப் பக்கம் போனால் கதை வேறு. அங்கே ஓடையில் சுருளோடு கிடைப்பது அம்மோனைட் (ஓட்டுக்குள் வாழ்ந்த பழங்காலக் கடல் உயிர்) என்றால் அந்த வம்சமே ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அற்றுப்போனது. பெயர் தெரிந்தாலே வயதும் பாதி தெரிந்துவிடும். இங்கே அப்படி இல்லை. ராமேசுவரம் தீவிலும் மண்டபம் பக்கமும் தரையோடு தரையாக, கடல் மட்டத்துக்கு மேலே எழுந்து நிற்கும் முருகைப் பாறை (பவளப்பாறைதான்) பெரும்பாலும் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு உட்பட்டது. கடல் இன்றைக்கு இருப்பதைவிடச் சற்று உயர்ந்து நின்ற காலத்தில் வளர்ந்து, கடல் இறங்கியதும் வெளியே நின்றுபோனது. பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் 19ஆம் நூற்றாண்டிலேயே ராமேசுவரத்துப் பாறையைப் பார்த்து எழுதியிருக்கிறார். அந்தப் பாறையில் இருக்கும் அதே இனத்துப் பவளங்கள் நேரே எதிரில் கடலுக்குள் இன்னும் உயிரோடு வளர்கின்றன. சங்கும் அப்படித்தான், சோழியும் அப்படித்தான். நேற்றையதும் ஐயாயிரம் வருஷத்ததும் ஒரே முகஜாடை. பேரைச் சொல்லி வயதைப் பிடிக்க முடியாது.

பத்தாயிரம் ஆண்டுக்கு மேற்பட்டதைத்தான் புதைபடிவம் என்று சொல்ல வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு. அந்தக் கணக்குப்படி நம் முருகைப் பாறையில் பெரும்பகுதி அரைகுறைப் படிவம். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் சோப்பு டப்பாவைத் திறந்த லாத்தாவிடம் “இது பாதி ஃபாசில்” என்று சொன்னபோது, பாதி விலைக்குக் கேட்டது போல என்னைப் பார்த்தார்.

கொண்டுவருகிறவர்கள் எல்லோருக்கும் முதல் நம்பிக்கை நிறத்தின் மேல். கறுப்பாக இருந்தால் பழசு. இது உண்மையில்லை. காற்றுப் புகாத கழிமுகச் சேற்றில் கிடந்தால், இரும்பும் கந்தகமும் சேர்ந்து சிப்பியைக் கொஞ்ச காலத்திலேயே கரியாக்கிவிடும். இரண்டாவது நம்பிக்கை கனத்தின் மேல். இது ஓரளவு உதவும், தாது ஏறிய எலும்பு கனக்கும். ஆனால் பாரை மீன் இந்தக் கணக்கையும் கெடுத்துவிடும்.

மூக்கையூரிலிருந்து ஒரு தம்பி கொண்டுவந்ததைச் சொல்கிறேன். கொழுக்கட்டையை ஓர் ஓரத்தில் அமுக்கி நீட்டியது போல ஓர் எலும்பு. மூன்று சென்டிமீட்டர் இருக்கும். கெட்டி, கையில் கல் மாதிரி உட்கார்ந்தது, தட்டினால் பீங்கான் சத்தம். மீன் எலும்பென்றால் நமக்குத் தெரிந்தது முள்தானே? இது முள்ளே இல்லை. பறவையின் முழங்கால், ஆமையின் ஏதோ ஓர் எலும்பு, குட்டி டைனோசர் என்று (அந்தத் தம்பியின் கட்சி கடைசியது) பல யோசனை ஓடியது. கடையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், முன்பு விசைப்படகில் போனவர், வாங்கிப் பார்த்துவிட்டு, “பெரிய பாரை தலையில இருக்கும் தம்பி, சாவாளைக்கு உடம்புலயே இருக்கும்” என்றார்.

அவர் சொன்னது சரி. சில மீன் இனங்களில் உடம்பு வளர வளரக் குறிப்பிட்ட சில எலும்புகள் மட்டும் இப்படி உப்பிப் போகும். நோய் இல்லை, ஒவ்வோர் இனத்திலும் அதே எலும்பு அதே விதமாக உப்பும். பாரை வகைகள் சிலவற்றில் மண்டை உச்சியில், சாவாளையில் முதுகுத்தண்டை ஒட்டிய முள்ளெலும்புகளில். படிவுகளிலிருந்து எடுத்த புதைபடிவங்களிலும் இவை உண்டு, இன்றைய மீன் மார்க்கெட்டிலும் உண்டு. விஞ்ஞானிகள் வைத்திருக்கும் செல்லப்பெயர் ‘டில்லி எலும்பு’. டில்லி எடிங்கர் என்ற பெண்மணியின் நினைவாக வைத்தது. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் வேலை பார்த்தவர். யூதர் என்பதால் 1939இல் நாட்டை விட்டு வெளியேறி, அப்புறம் அமெரிக்காவில் ஹார்வர்டு அருங்காட்சியகத்தில் தொடர்ந்தார். அழிந்துபோன உயிர்களின் மூளை எப்படி இருந்திருக்கும் என்று மண்டையோட்டின் உட்பக்க அச்சை வைத்து ஆராயும் துறையையே நிறுவியவர். மூக்கையூர்க் கரையில் கிடந்த ஒரு கொழுக்கட்டைக்கு அவர் பெயர் என்பதில் எனக்கு ஏனோ ஒரு சந்தோஷம். அந்தத் தம்பிக்கு இல்லை. டைனோசர் கை நழுவிப் போனதே.

அந்தப் பெரியவர், மீன் விற்கும் ஆத்தா மாதிரி ஆட்கள்தான் இந்தக் கரையின் ஒப்பீட்டு அருங்காட்சியகம். ஒரு பொருளை அடையாளம் காண்பது என்றால் ஏற்கெனவே அடையாளம் தெரிந்த ஒன்றோடு அதை ஒட்டி வைத்துப் பார்ப்பதுதான். பெரிய ஊர்களில் அதற்கு இழுப்பறை இழுப்பறையாக மாதிரிகள் இருக்கும். எங்களுக்கு மீன் ஏலம் விடும் இடம் இருக்கிறது. அதன் பிறகு மீன் வாங்கினால் தலையைத் தூக்கிப் போடவே விடுவதில்லை. வேகவைத்து, சதையை நீக்கி, எலும்பைத் தனித்தனியாக எடுத்துக் காயவைத்துப் பெயரெழுதி வைக்கிறேன். திருக்கையின் வாய்க்குள் ஓடு வேய்ந்தது போல இருக்கும் பல்தட்டு, கிளி மீனின் தொண்டைக்குள் இருக்கும் அரைக்கும் பல், முள்ளுப் பேத்தையின் வாயில் அடுக்கடுக்காகத் தகடு வைத்தது போன்ற தாடை எல்லாம் பெட்டியில் சேர்ந்துவிட்டன. ‘விசித்திர ஃபாசில்’ என்று வருவதில் ஒரு பங்கு இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

மற்றதில் கொஞ்சம் செடி. சாயல்குடிப் பக்கம் ஓர் ஓடைக்கரையிலிருந்து விரல் எலும்புகள் என்று ஒரு பை நிறைய வந்தன. கணு கணுவாக, சில இடத்தில் கிளை பிரிந்து, நடுவில் துளையோடு. பார்த்ததும் கொஞ்சம் திகிலாகத்தான் இருந்தது. விரல் எலும்பு கிளை பிரியாது என்று அப்புறம்தான் உறைத்தது. செடியின் வேரைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்து, வேர் மக்கிப்போய், உறை மட்டும் நின்றது. ஊரில் சுக்கான்கல் என்று சொல்கிறோமே, அதில் ஒரு தினுசு.

இன்னொன்று மிதக்கும் கல். ராமேசுவரத்தில் தொட்டியில் போட்டு வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பக்திக்கும் எனக்கும் சண்டை இல்லை. ஆனால் கரையில் ஒதுங்கும் அந்த மாதிரிக் கல்லைப் பழைய பவளம் என்றும் பஞ்சு உயிரி என்றும் கொண்டுவருகிறார்கள். ஒரு சொட்டு வினிகர் போதும். பவளமென்றால் நுரைக்கும், எரிமலை நுரைக்கல் என்றால் சும்மா இருக்கும். 1883இல் கிரகட்டோவா வெடித்தபோது கிளம்பிய நுரைக்கல் மிதந்து மிதந்து ஆப்பிரிக்கக் கரை வரை போயிருக்கிறது என்றால், அந்தக் கல்லிடம் போய் நம் கரையின் வரலாற்றைக் கேட்க முடியாது.

வைகை கடலில் சேரும் ஆற்றங்கரை என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு முறை அரைவட்டமாக வழவழவென்று ஒரு துண்டு வந்தது. சங்குதான். ஆனால் ஓரம் ரம்பத்தால் அறுத்த நேர்கோடு. லென்ஸில் அறுத்த கீறல்கூடத் தெரிந்தது. வளையல் துண்டு. பக்கத்து அழகன்குளத்தில் தொல்லியல் துறை 1980கள் முதல் பல கட்டமாகத் தோண்டி, ரோமானியத் தொடர்பைக் காட்டும் பானையோடுகளையும் சங்கு வளையல்களையும் எடுத்திருக்கிறது. இதைக் கொண்டுவந்தவரிடம், எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டுத் துறைக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்றேன். சரி, எடுத்தாயிற்று, இடமாவது ஞாபகம் இருக்கிறதா? இருந்தது. பனைமரம், ஆலமரம் எல்லாம் சொல்லி வரைபடமே போட்டுக் கொடுத்துவிட்டார்.

சட்டமும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் இருக்கிறது. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே. ‘செத்துக் கரை ஒதுங்கியதுதானே’ என்ற சமாதானம் செல்லாது. தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை இருக்கும் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே போய்ப் பொறுக்கும் பேச்சே கிடையாது. சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்தது போதாதா? விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் இன்றைக்கு நீருக்குள் இருக்கின்றன. பவளம் என்றால் நான் படம் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கடைக்கு யாராவது கொண்டுவந்தாலும் வாங்கி வைப்பதில்லை.

படம் என்றதும் ஒரு சின்ன எரிச்சல். வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறவர்கள் அளவுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைக்கிறார்கள். எந்த ஒரு ரூபாய்? 25 மில்லிமீட்டரில் ஒன்று வந்தது, அப்புறம் 22, அப்புறம் 20. பிள்ளைகளின் ஸ்கேலை வையுங்கள். நாலு பக்கமும் எடுங்கள். உள்ளங்கையில் வைத்து எடுக்காதீர்கள், கேமரா கைரேகையைத்தான் தெளிவாக எடுக்கிறது. எல்லாவற்றுக்கும் முன்னால், குனிந்து எடுப்பதற்கு முன், கிடந்த நிலையில் ஒரு படம்.

பவளத்தைப் பக்கத்தில் பார்க்க ஆசையென்றால் தனுஷ்கோடிக்குப் போங்கள். 1964 டிசம்பர் புயலில் போனது போக நிற்கும் தேவாலயச் சுவரில் பவளக்கல் கல்லாகத் தெரியும். உப்புக்காற்று மேல்பூச்சைத் தின்றுவிட்டது. ஒரு மாலை அந்தச் சுவரோடு கன்னம் வைத்து லென்ஸில் பார்த்துக்கொண்டு நின்றேன். சுற்றுலா வந்தவர்கள் நான் பிரார்த்தனை செய்வதாக நினைத்துக் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். ஒரு கல்லில் ஊசியால் குத்தியது போல நுண்துளைகள், இன்னொன்றில் தேன்கூட்டு அறைகள். ஒவ்வோர் அறைக்குள்ளும் நடுவை நோக்கி மெல்லிய தடுப்புச் சுவர்கள். இன்றைய கல் பவளங்களில் அவை ஆறின் மடங்கில் அமைந்திருக்கும். மண்டையைச் சாய்த்து எண்ணி, பன்னிரண்டு பெரிய சுவர் வரை பிடித்துவிட்டேன். ஆனால் அந்தக் கல் எத்தனை வருஷத்தது? தரைக்கு மேல் இருக்கும் பழைய பாறையிலிருந்து வெட்டியதா, கடலுக்குள் உயிரோடு இருந்ததைப் பெயர்த்ததா? சுவர் கட்டிய கொத்தனார் அந்தக் குறிப்பை எழுதி வைக்கவில்லை.

எழுதி வைத்தவர்கள் உண்டு. 1840களில் சென்னை மாகாண நிர்வாகத்தில் வேலை பார்த்த கே, கன்லிஃப் என்ற இருவர் பாண்டிச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பக்கங்களில் சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். நம்மைப் போல வேறு வேலை உள்ள ஆட்கள்தான். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற விஞ்ஞானி அங்கே உட்கார்ந்து அவற்றுக்கெல்லாம் பெயர் வைத்து 1846இல் வெளியிட்டார். அவர் கணித்த வயதில் பின்னால் திருத்தம் வந்தது. ஆனாலும் மூன்று ஊர்ப் பொருளையும் கலக்காமல் தனித்தனியாக வைத்திருந்ததால் ஒவ்வோர் ஊருக்கும் தனியாக வயது பார்க்க முடிந்தது. மூட்டை கட்டி மொத்தமாக அனுப்பியிருந்தால், அழகான கற்கள் என்று கண்ணாடிப் பேழையில் உட்கார்ந்திருக்கும்.

பெரிய ஆட்களும் தவறியிருக்கிறார்கள் என்பது தெரிந்தால் கொஞ்சம் தெம்பு வரும். மாவு சலிக்கிற சல்லடையை விட நுண்ணிய சல்லடையில் கரை மணலைக் கழுவிக் காயவைத்து, கறுப்புத் தாளில் கொட்டிப் பார்த்தால், ரவையிலும் சின்னதாகச் சுருள் சுருளாக ஓடுகள் தெரியும். ஃபோராமினிஃபெரா. பார்த்தால் குட்டி நத்தை என்றுதான் தோன்றும். பிரெஞ்சு விஞ்ஞானி டோர்பிக்னி 1826இல் இவற்றைக் கணவாய் வகையறாவோடு சேர்த்து வகைப்படுத்தினார். 1835இல் துஜார்டான் உயிரோடு இருந்ததைக் கவனித்துப் பார்த்து, இது ஒற்றைச் செல் உயிர் என்று சொன்னார். ராமநாதபுரத்து மண்ணுக்கடியில் எண்ணெய், எரிவாயு தேடித் துளை போடும்போது மேலே வரும் கல்தூளில், இந்த ரவைச் சுருள்களை வைத்துத்தான் எந்த ஆழத்தில் எந்தக் காலம் என்று கணக்குப் போடுவார்கள். அங்கே ஒவ்வொரு பைக்கும் மேலே ஆழம் எழுதியிருக்கும்.

இனி என் பாவக்கதை. புதுமடத்துப் பக்கமிருந்து ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் களிமண் கட்டிக்குள் பாதி புதைந்திருந்த ஒன்றைக் கொண்டுவந்தான். பழுப்பாக, சுருண்ட விளிம்போடு. கிணறு வெட்டின மண்ணில் கிடைத்ததாம். கட்டி கெட்டியாக இருந்தது. ஓரத்தில் வினிகர் வைத்தேன், நுரைத்தது. சரி, மேலே படிந்த சுண்ணாம்பு கரைந்தால் உள்ளே இருப்பது வெளியே வரும் என்று ஒரு கிண்ணத்தில் வினிகர் ஊற்றி முழுசாக முக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

காலையில் கிண்ணத்தில் சேறு இருந்தது. சுருண்ட விளிம்பு இல்லை. உள்ளே இருந்ததும் சுண்ணாம்புதான், வேறென்னவாக இருக்கும்? நான் படம் எடுக்கவில்லை. எத்தனை அடி ஆழம் என்று கேட்கவில்லை. பல வருஷமாக மருந்து விற்கிறேன், எந்தத் திரவத்தில் எது கரையும் என்று தெரியாதவன் இல்லை. உள்ளே இருப்பதைப் பார்க்கும் அவசரம், வேறு காரணம் கிடையாது.

பள்ளிக்கூடம் விட்டு வந்தவனிடம் கிண்ணத்தைக் காட்டினேன். திட்டியிருந்தால் தேவலை. “பரவால்லண்ணே” என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அப்புறம் வரவே இல்லை. மாத்திரை வாங்கக்கூட அவன் அம்மாதான் வருவார்.

அதற்குப் பிறகு நான் முதலில் கையில் எடுப்பது பேனா. மாத்திரைக் கவரின் மேல் வழக்கமாகக் காலை, மதியம், இரவு என்று எழுதும் இடத்தில் ஊர், ஆழம், தேதி என்று கோடு போட்டு வைத்துவிட்டேன். சில கவர்கள் மாறி வாடிக்கையாளரிடமும் போயிருக்கின்றன. ஒருவர் திரும்பி வந்து, “ஆழம்னு போட்டிருக்கே, எத்தனை மாத்திரைன்னு சொல்லலையே?” என்று கேட்டார்.

போன மாதம் சனிக்கிழமை இரவு கடை சாத்தும் நேரம். மீசை அரும்பிய ஒரு பையன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் வந்து நின்றான். பிளஸ் டூ முடித்துவிட்டு, லீவில் மாமாவோடு போர்வெல் போடும் வண்டியில் போகிறானாம். சட்டைப்பையிலிருந்து என் கடைக் கவரையே எடுத்தான். அம்மாவுக்கு வாங்கிய மாத்திரையின் கவராக இருக்கும். ஊர், தோட்டத்துக்காரர் பெயர், வீட்டிலிருந்து தெற்கே எத்தனை எட்டு, 38 முதல் 40 அடிக்குள், சாம்பல் நிறக் களி, கூடவே நிறையச் சின்னச் சிப்பி, தேதி. எழுத்து கோணல்மாணல்தான். பின்பக்கம் அம்புக்குறி போட்டு ஒரு படம் வேறு.

உள்ளே நெல்மணி அளவில் பழுப்பாக ஒன்று இருந்தது. ஒரு முனை பளபளத்தது.

கிண்ணம் இருந்த தட்டுப் பக்கம் அவன் கண் போய் வந்தது.

“அண்ணே,” என்றான், “இதை நனைக்காமப் பாருங்க.”

லைட்டைப் பக்கத்தில் இழுத்து வைத்தேன்.